குசினியும் குச்சினாவும்

மலையகத்தின் அடுப்புகள் – 11

இலங்கைத் தமிழர் சமையலறையைக் ‘குசினி’ என்கின்றனர். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற ‘கொசீஞா’ என்ற சொல்லின் திரிபு அது. அந்தப் போர்த்துக்கேயச் சொல்லும், சமையலறை, சமையற்கலை ஆகிய இரு பொருளையும் ஒருசேர ஏற்கும் ‘குச்சினா’ என்ற இத்தாலியச் சொல்லும் லத்தீன் என்னும் ஒரே தாயின் வயிற்றுப் பிள்ளைகள். பாண் இத்தாலியில் ‘பானே’ ஆகும். விசுக்கோத்து, இருமுறை சுட்டது என்னும் பொருளில், ‘பிஸ்கொத்தோ’ ஆகும். நுவரெலியாப் பாத்திகளில் விளைந்து லொறியேறிக் கொழும்புக்குப் போகும் கோவா அங்கே ‘காவொலோ’ என்ற பெயரில் சூப்பில் விழும். ஹட்டன் கடைத்தெருவில் மேசைமுன் அமர்ந்து பாண் கேட்பவர், மேசையும் பாணும் ரோமாபுரியின் பழஞ்சொற்கள் என்று நினைப்பதில்லை. பசித்தவருக்கு அந்த நினைப்பு தேவையும் இல்லை. குடும்பமே நடத்தி, தன் வட்டாரத்துச் சமையலையே பரிமாறும் சிறிய உணவகம் இத்தாலியில் எவ்வாறு மதிப்புப் பெற்றது, அதே வகைக் கடைகள் மலையக நகரங்களில் தெருவுக்குத் தெரு இருந்தும் தேயிலைத் தோட்டத்தின் சமையல் மட்டும் ஏன் அவற்றின் மேசைக்கு வரவில்லை என்ற கேள்விக்கு இந்தச் சொல்லுறவு ஒரு வாசலாகலாம்.

இத்தாலியரின் உணவகங்கள் பல இனத்தவை. ‘ரிஸ்டொராண்டே’ என்பது வெள்ளை மேசைவிரிப்பும் அச்சிட்ட உணவுப் பட்டியலும் கொண்ட பெரிய உணவகம். ‘ஓஸ்டெரியா’ என்ற பெயர், விருந்தினரை ஏற்பவரைக் குறிக்கும் ‘ஓஸ்டே’ என்ற சொல்லிலிருந்து வந்தது. முற்காலத்தில் அது வைன் விற்கும் இடமாகவே இருந்தது, பசித்தவர் தம் உணவைத் தாமே பொதியாகக் கட்டிவந்து அங்கே அமர்ந்து உண்ணும் வழக்கமும் உண்டு. ‘டிராட்டோரியா’ என்பது அப்பா முன்னால் நிற்க, அம்மாவோ பாட்டியோ உள்ளே சமைக்க, பிள்ளைகள் பரிமாற, அன்றைய உணவு இன்னதென்று வாயால் சொல்லிக் கேட்கும் கடை. இந்த மூன்றுக்கும் இடையிலான கோடுகள் இன்று பெரிதும் மங்கிவிட்டன. விலையுயர்ந்த உணவகங்களும் எளிமையின் பெயரைச் சூட்டிக்கொள்வதில் ஆர்வம் காட்டுகின்றன.

இக்கடைகள் பரிமாறுவதை ‘இத்தாலியச் சமையல்’ என்று பொதுவாகச் சொல்வதும் அத்தனை பொருத்தமாகாது. 1861இல் நாடு ஒன்றானபோதும் அடுப்புகள் ஒன்றாகவில்லை: போ ஆற்றின் சமவெளியில் அரிசியும் வெண்ணெயும், வடக்கு மலையடிவாரங்களில் மக்காச்சோள மாவும், தெற்கில் உலர்ந்த பாஸ்தாவும் ஒலிவ எண்ணெயும் என அவை தனித்தனியே எரிந்துகொண்டிருந்தன. பெல்லெக்ரீனோ ஆர்டூசி 1891இல் ஃபுளோரன்ஸ் நகரில் தம் சொந்தச் செலவில் வெளியிட்ட சமையல் நூல், வெவ்வேறு வட்டாரங்களின் வீட்டுணவுகளை ஒரே அட்டைக்குள் கொண்டுவந்து நடுத்தரக் குடும்பங்களின் கைகளில் சேர்த்தது. 1986இல் ரோமின் ஸ்பானியச் சதுக்கத்தில் மக்டொனால்ட்ஸ் துரித உணவுக் கடை வந்தபோது எழுந்த எதிர்ப்பின் வழியாக, கார்லோ பெட்ரீனியின் தலைமையில் ‘ஸ்லோ ஃபுட்’ என்னும் நிதான உணவு இயக்கம் உருவானது. அவ்வியக்கம் 1990 முதல் வெளியிட்டுவரும் ஓஸ்டெரியாக் கையேடு, ஆடம்பரத்தைப் பாராமல், உள்ளூர்ச் சமையலையும் நியாயமான விலையையும் பார்த்துக் கடைகளைத் தேர்ந்தெடுக்கிறது. வட்டாரச் சமையலுக்கு இத்தாலியில் கிடைத்த மதிப்பு இவ்வாறு நூல், இயக்கம், கையேடு எனப் பல கைகள் சேர்ந்து ஈட்டியது.

மலையகத்தில் ‘ஹோட்டல்’ என்ற சொல் தேத்தண்ணியும் சோறும் கிடைக்கும் கடையையே பெரும்பாலும் குறிக்கிறது. தங்குமிடம் என்ற பொருள் அதற்குப் பிந்தியே வரும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர் உயரத்திலுள்ள ஹட்டனுக்கு ரயில் 1884இல் வந்தது. டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா எனப் பரந்த தோட்டப் பிரதேசம் முழுவதற்கும் அந்த நிலையம் வாசலானது. மார்கழிப் பூரணையில் தொடங்கி வைகாசிப் பூரணைவரை நீளும் சிவனொளிபாதமலைப் பருவத்தில், நல்லதண்ணி வழியாக மலையேறும் யாத்திரிகர் கூட்டம் இரவும் பகலும் இந்நகரைக் கடந்து போகிறது; 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவுக்கு ஏப்ரல் மாத வசந்தகாலம் அதே வகை அறுவடைக் காலம். இந்த இரண்டு பருவங்களையும் தோட்டத்துச் சம்பள நாளையும் நம்பியே இந்நகரங்களின் சாப்பாட்டுக் கடைகள் நிலைத்திருக்கின்றன.

அத்தகைய கடை ஒன்றின் அமைப்பு டிராட்டோரியாவிலிருந்து அதிகம் வேறுபடுவதில்லை. வாசலை ஒட்டிய கண்ணாடி அலுமாரியில் வடையும் ரோல்ஸும் மாலுபானும் அடுக்கப்பட்டிருக்கும். மாலுபான் என்பது மீன்கறியை உள்ளே வைத்துச் சுட்ட பனிஸ். அலுமாரிக்குப் பக்கத்தில், ஒல்லாந்தச் சொல்லின் வழிவந்த ‘லாச்சி’ எனப்படும் பண இழுப்பறைக்கு முன்னால் முதலாளி அமர்ந்திருப்பார். கடை எத்தனை சிறியதாயினும் உரிமையாளர் முதலாளிதான், அவருடைய மனைவி வாடிக்கையாளருக்கு அக்காதான். உட்கார்ந்தவுடன் கேளாமலே வடைகளும் ரோல்ஸும் நிறைந்த தட்டு ஒன்று மேசையில் வைக்கப்படும். எடுத்து உண்டவற்றுக்கு மட்டும் கணக்கு, எஞ்சியவை அடுத்த மேசைக்குப் போகும். உண்பவரின் நேர்மைமீதும் பரிமாறுபவரின் நினைவாற்றல்மீதும் ஒருசேர நம்பிக்கை வைக்கும் இந்த வழக்கம் சுகாதாரப் பரிசோதகருக்கு உவப்பானதாக இருக்க முடியாது. எனினும் விருந்தினரை ஏற்பவர் என்ற பெயருக்கு ஓஸ்டெரியாவைவிட இது நெருங்கி நிற்கிறது. சோற்றுத் தட்டின்மேல் விரிக்கப்பட்டுவந்த ‘லஞ்ச் ஷீட்’ என்ற மெல்லிய பொலித்தீன் தாளுக்கு 2017இல் அரசு தடை விதித்தது. வாழை இலைக்குக் குளிர்மலையில் தட்டுப்பாடு உண்டு என்பதையும் இங்கே நினைவிற்கொள்ளலாம்.

அமைப்பு ஒன்றாயினும் தட்டில் விழுவது வேறு. காலையில் இட்டலி, தோசை, உழுந்து வடை, இடியப்பம், சொதி. பகலில் சோறு, பருப்பு, கிழங்குப் பிரட்டல், கோவாச் சுண்டல், பப்படம். மாலையிலிருந்து பராட்டாவும் கொத்து ரொட்டியும் ஃபிரைட் ரைஸும். நகர வியாபாரிகள் தோட்டத் தொழிலாளரிலிருந்து வேறுபட்ட வகுப்பினராக, தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் இலங்கையின் பிற பகுதிகளிலிருந்தும் கடை நடத்துவதற்கென்றே வந்தவர்களாக இருந்தமையால், அவர்கள் தத்தம் ஊர்ச் சமையலையே கொண்டுவந்தனர். நுவரெலியாவின் அம்பாள் போன்ற சைவ உணவகங்களில் தென்னிந்தியத் தோசையின் ஆட்சி நடக்கிறது. அதே நகரின் கடைவீதியில் ‘மிலானோ’ என்ற இத்தாலிய நகரின் பெயரைத் தாங்கிய உணவகம் ஒன்றும் சுற்றுலாக் கையேடுகளில் இடம்பெற்றது. அங்கே உண்ணக் கிடைத்தது சோறு கறியும் ஃபிரைட் ரைஸும்தான். பெயர் எங்கிருந்தும் வரலாம். சமையலுக்கு மட்டும் ஆள் வரவேண்டியிருக்கிறது.

தோட்டத்து மக்களின் சமையல் நடப்பது லயத்தில். லயம் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாக அடுக்கிய அறைகள் கொண்ட தொழிலாளர் குடியிருப்பு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவுள்ள அந்த அறையைக் ‘காம்பரா’ என்பர், இதுவும் போர்த்துக்கேயச் சொல்லே. 19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும், 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பின் தேயிலைத் தோட்டங்களுக்கும் அழைத்துவரப்பட்டவர்களின் ஊர் உணவு கேழ்வரகும் கம்பும் சோளமும் வரகும்தான். அரிசிச் சோறு அவர்களில் பெரும்பாலோருக்குப் பண்டிகை நாளின் பண்டம். தோட்டத்தில் கூலியின் ஒரு பகுதியாகவும் கூலியில் கழிக்கப்படும் கடனாகவும் கொடுக்கப்பட்டது அரிசி, அதுவும் இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த அரிசி. கூழும் களியும் ஒரு தலைமுறைக்குள் அடுப்பைவிட்டு விலகின. ஊரில் திருநாளுக்குத் திருநாள் கண்ட சோறு இங்கே நாள்தோறும் கிடைக்கும் என்ற ஆசைகாட்டல் கங்காணியின் ஆள்திரட்டலுக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

இரண்டாவது தானிய மாற்றம் போரினால் வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் யப்பானியர் வசமானதும் பர்மா அரிசி நின்றுபோக, இலங்கை முழுவதும் பங்கீட்டுக்கு உட்பட்டது. அரிசியின் இடத்தைக் கப்பலில் வந்த கோதுமை மா நிரப்பத் தொடங்கியது. போர் முடிந்த பின்னும் மா போகவில்லை. நெல் விளையாத, தென்னை வளராத, தமக்கென ஒரு துண்டுக் காணியும் இல்லாத மலைச்சரிவில், விரைவாகச் சமைக்கக்கூடியதும் கட்டி எடுத்துச் செல்லக்கூடியதும் நெடுநேரம் பசிதாங்குவதுமான உணவாகக் கோதுமை ரொட்டி குடிகொண்டுவிட்டது.

இந்த ரொட்டியின் செய்முறை எளிதாகத் தோன்றினும் கைப்பழக்கம் வேண்டுவது. மாவுடன் உப்பும் தேங்காய்ப்பூவும் சேர்த்து, சிறுகச் சிறுக நீர் தெளித்து இறுகப் பிசைந்து, உருண்டையாக்கி, உள்ளங்கையால் தட்டி, காய்ந்த ரொட்டிக்கல்லில் எண்ணெய் இல்லாமலே இருபுறமும் சுட்டெடுக்கின்றனர். அடுப்புக்கு விறகு ‘மிலாறு’. தேயிலைச் செடியைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை தாழ வெட்டிவிடும் கவ்வாத்தின்போது கிடைக்கும் சுள்ளியின் பெயர் அது. தேயிலை நெருப்பில் சுட்ட ரொட்டிக்குத் தேயிலைச் சாயமே துணை: ஏற்றுமதிக்குப் போகும் உயர்தரத்துக்குக் கீழான தூளில் ஊற்றிய, பால் இல்லாத தேத்தண்ணி, சீனியைக் கலக்காமல் உள்ளங்கையில் வைத்து நாவால் தொட்டுக்கொண்டே குடிப்பதும் உண்டு, சீனி குறைவாகச் செலவாகும். தொட்டுக்கொள்ளச் சம்பல்: செத்தல் மிளகாயும் வெங்காயமும் உப்பும் அம்மியில் அரைபட்டு, கைவசம் இருந்தால் தேங்காயும், இன்னும் வசதி இருந்தால் மாசிக் கருவாட்டுத் தூளும் சேரும். தேங்காய் தாழ்நிலத்திலிருந்து காசு கொடுத்து வாங்கவேண்டிய பொருள் ஆகையால், ரொட்டியைப் பிட்டுப் பார்த்தே அந்த வீட்டின் மாதக் கணக்கைச் சொல்லிவிடலாம். சம்பள நாளுக்குப் பிந்திய ரொட்டி வெள்ளையாகப் பூத்தும் அதற்கு முந்திய ரொட்டி கல்லாக இறுகியும் இருப்பது லயத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத பாடம்.

1970களின் முற்பகுதி இந்த உணவின் வரலாற்றில் கறுப்புப் பக்கம். உலகச் சந்தையில் தானிய விலை ஏறியதும் இலங்கை அரசு 1973இல் அரிசிப் பங்கீட்டைக் குறைத்து மாவுக்கும் சீனிக்கும் விலை கூட்டியபோது, கிராமத்தவருக்கு இருந்த பலா மரமும் மரவள்ளிப் பாத்தியும் தோட்டத்தவருக்கு இல்லை. பட்டினி பரவியது; தோட்டங்களின் இறப்பு வீதம் 1974ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூர்மையாக உயர்ந்தது. மாவில்லாத நாட்களில் கீரையும் கிழங்கும் தேடிக் காடேறிய கதைகளை முதியோர் இன்றும் தணிந்த குரலில்தான் சொல்கின்றனர். பின்னர் 1980இல் திருகோணமலையில் பிரீமா மா ஆலை இயங்கத் தொடங்கிய பிறகு மா தாராளமாகக் கிடைத்தது. ரொட்டி மீண்டும் மூன்று வேளைக்கும் வந்தது.

இந்த ரொட்டிக்கு நேரான இத்தாலிய உணவு பாஸ்தாவும் அன்று, பீட்சாவும் அன்று, ‘பியடினா’. அட்ரியாட்டிக் கடலோரத்து ரொமாஞா வட்டாரத்தின் தட்டை ரொட்டி அது. கோதுமை மா, உப்பு, நீர், பன்றிக் கொழுப்பு அல்லது ஒலிவ எண்ணெய் ஆகியவற்றைப் பிசைந்து, மொன்தேதிஃபி என்ற சிற்றூரில் வனையப்பட்ட சுடுமண் தட்டில் சுடுவது வழக்கம். தேங்காயின் இடத்தில் கொழுப்பு என்பதைத் தவிர, லயத்து ரொட்டியை அறிந்தவருக்கு இதில் விளக்க வேண்டியது ஒன்றும் இல்லை. பாண் சுடும் அடுப்புக்கு வழியில்லாத குடியானவரின் அவசர உணவு அது. கோதுமை கிட்டாதபோது மக்காச்சோள மாவையும் கலந்தனர். அவ்வட்டாரத்தில் பிறந்த கவிஞர் ஜியோவான்னி பாஸ்கொலி அதைப் புகழ்ந்து எழுதிய பின் படித்தவர் நடுவிலும் அதற்குப் பெயர் ஏற்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரிமினிக் கடற்கரைக்கு உல்லாசப் பயணிகள் திரளத் தொடங்க, குடும்பத் தலைவியர் சாலையோரம் சிறு கூண்டுக் கடைகள் போட்டு, கண்ணெதிரே தட்டிச் சுட்டு, மென்பாற்கட்டியும் கீரையும் வைத்து மடித்துக் கொடுத்தனர். ரிமினியில் மெல்லியதாகவும் அகலமாகவும், ராவென்னா பக்கம் தடித்ததாகவும் அது இருக்கும். எது உண்மையான பியடினா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் ‘பியடினா ரொமாஞோலா’ என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு வழங்கியது. அந்த வட்டாரத்துக்கு வெளியே செய்து அப்பெயரில் விற்பது இப்போது சட்டமீறல்.

ஏழையின் உணவு ஏற்றம் பெற்ற இந்தக் கதையைச் சொல்வோர் வழக்கமாக விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு, அதைப் பொலெண்டாவின் வரலாறு சொல்கிறது. பொலெண்டா என்பது மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கிண்டும் களி. வெனேத்தோ, லொம்பார்தி வட்டாரங்களின் நிலமற்ற கூலிகள் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஏறத்தாழ அதை மட்டுமே உண்டு வாழ்ந்தனர். தோல் தடித்து வெடித்து, வயிறு கெட்டு, இறுதியில் மனமும் பிறழும் ‘பெல்லாக்ரா’ என்ற நோய் அவர்களைத் தாக்கியது. கரடுமுரடான தோல் என்று பொருள்படும் அந்தப் பெயரை மிலான் மருத்துவர் ஃபிரான்செஸ்கோ ஃபிராப்போலி 1771இல் மருத்துவ எழுத்தில் பதிவுசெய்தார். மக்காச்சோளத்தின் தாயகமான அமெரிக்காவில் பழங்குடியினர் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்தே உண்டமையால் அதிலுள்ள நியாசின் என்னும் உயிர்ச்சத்து உடலில் சேர்ந்தது. தானியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தப் பக்குவத்தை விட்டுவிட்ட ஐரோப்பா அதற்கு உடலால் விலை கொடுத்தது. இன்று வடஇத்தாலிய டிராட்டோரியாக்களில் காளானோ காட்டுப்பன்றிக் கறியோ ஊற்றிய பொலெண்டாவுக்கு விருந்தினர் மேசை பதிவுசெய்து காத்திருக்கின்றனர். ‘குச்சினா போவெரா’, அதாவது ஏழைச் சமையல், என்பது அங்கே பெருமைக்குரிய பெயராகிவிட்டது. ஆனால் அந்தப் பெருமை வந்தது, எவரும் மூன்று வேளையும் பொலெண்டாவையே தின்று உயிர்வாழ வேண்டியிராத நிலை வந்த பிறகுதான்.

மலையகத்தில் அந்த நிலை இன்னும் வரவில்லை. லயத்து ரொட்டி நகரத்து மேசைக்கு வராததன் முதற்காரணம் இதுவே. 10ஆம் திகதியை ஒட்டிய சம்பள நாளுக்குப் பின்வரும் ஞாயிற்றுக்கிழமை, கணவன் மனைவி பிள்ளைகளோடு பஸ் ஏறி ஹட்டனுக்கோ தலவாக்கலைக்கோ வரும் குடும்பம் கடையில் அமர்ந்ததும் கேட்பது கொத்தும் பராட்டாவும் கோழிக்கறியும். விடியுமுன் எழுந்து, வேலைக்கு ஆள்பிரிக்கும் ‘பெரட்டு’க்குப் போகுமுன் தான் தட்டிச் சுட்ட அதே ரொட்டியைக் காசு கொடுத்து வாங்க எந்தத் தாய் சம்மதிப்பாள்? டிராட்டோரியாவுக்குப் போகும் இத்தாலியர் வீட்டில் இழந்துவிட்டதைத் தேடிப் போகிறார். தோட்டத்துத் தொழிலாளி வீட்டில் கிடைக்காததைத் தேடிக் கடைக்குப் போகிறார். 2021இல்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட ஒரு தொழிலில், வெளியில் உண்பது மாதத்துக்கொரு திருவிழா. திருவிழாவில் அன்றாடத்துக்கு இடமில்லை.

இரண்டாம் காரணம் கடை யாருக்குச் சொந்தம் என்பது. இதை விளங்கிக்கொள்ள இத்தாலியரின் இன்னொரு வரலாறு துணைசெய்யும். பிரேசிலில் அடிமைமுறை 1888இல் ஒழிக்கப்பட்டதும் சாவோ பாலோ மாநிலத்தின் கோப்பித் தோட்டங்களுக்கு இத்தாலியக் கூலிகள் குடும்பம் குடும்பமாக அழைத்துச்செல்லப்பட்டனர். முதலாம் உலகப் போருக்குமுன் அந்நாட்டில் குடியேறிய இத்தாலியர் பத்து இலட்சத்துக்கும் மேல். இலங்கையில் கோப்பி அழிந்ததால் விரிந்த உலகச் சந்தையின் பெரும்பங்கைப் பெற்ற தோட்டங்கள் அவை. தோட்டக் கடையில் கடன், அபராதம், கண்காணிப்பு என நிலைமை அத்தனை மோசமாக இருந்ததால், பயணச்செலவு கொடுத்து ஆள் பிடிக்கும் முறையை இத்தாலிய அரசே 1902இல் தடைசெய்தது. இந்தியா அவ்வாறு இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடைசெய்ய 1939 ஆயிற்று.

அங்கிருந்து இரு கதைகளும் பிரிகின்றன. பிரேசில் 1889இல் தன் நாட்டிலிருந்த வெளிநாட்டவருக்கு, மறுப்புத் தெரிவிக்காதோர் அனைவருக்கும், குடியுரிமை அளித்தது. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களும் நேரே நகரத்துக்கு வந்தவர்களும் சாவோ பாலோவின் பிராஸ், பிஷிகா பகுதிகளில் கடை வைத்தனர். ‘கன்டீனா’ எனப்படும் குடும்ப உணவகங்கள் அவ்வாறு தோன்றி, அந்நகரின் அடையாளங்களுள் ஒன்றாயின. இலங்கையிலோ 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத்துத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பத்து ஆண்டுகள் தொங்கலில் இருந்து 1974இல் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டது. மிச்சமிருந்தோருக்கு வழிவிட்ட சட்டம் 2003இல்தான் வந்தது. வீடும் வேலையும் தோட்ட நிருவாகியான ஒரே துரையின் கையில் இருக்க, ஈடுவைக்கக் காணியும் காட்டுவதற்குக் குடியுரிமையும் இல்லாத ஒருவருக்கு நகரத்தில் கடை என்பது எட்டாக் கனி. எட்டியவர்களும் வெற்றிபெற்ற கடைகளின் பட்டியலையே பின்பற்றினர்; தோசையும் கொத்தும் விற்கும் தெருவில் லயத்து ரொட்டியைப் பலகையில் எழுதுவது, தாம் எங்கிருந்து வந்தோம் என்பதை எழுதுவதாகவும் இருந்தது.

அந்த எழுத்துக்குத் துணிவு தரும் முன்மாதிரிகள் இலங்கையிலேயே உண்டு. விவசாயத் திணைக்களத்தின் ‘ஹெல போஜுன்’ கூடங்களில் சிங்களக் கிராமப் பெண்கள் குரக்கன் ரொட்டியும் இலைக்கஞ்சியும் விருந்தினர் கண்முன்னே செய்து விற்கின்றனர். வடமாகாணத்தின் ‘அம்மாச்சி’ உணவகங்களில் யாழ்ப்பாணத்துப் பிட்டும் தோசையும் மோதகமும் பெண்களின் குழுக்களால் மலிவான விலையில் விற்கப்படுகின்றன. அப்பெயர்களைப்போல நாடறிந்த பெயர் ஒன்று லயத்துச் சமையலுக்கு இன்னும் வாய்க்கவில்லை. கம்பளைக்கு அருகில் பழைய பீகொக் தோட்டத்தில் 2007இல் திறக்கப்பட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம், லய அறையையும் அதன் பழம்பொருட்களையும் பாதுகாத்துவருவது பாராட்டத்தக்கது. எனினும் பொருட்கள் காட்சிக்கு வந்தும் அவற்றுக்குரிய உணவு விற்பனைக்கு வராமல் இருப்பது விசித்திரமே. இதற்கிடையில் பழைய துரைமார் பங்களாக்கள் பல உயர்விலை விடுதிகளாகிவிட்டன. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் 2005இல் தொடங்கிய ‘சிலோன் டீ ட்ரெயில்ஸ்’ அவற்றுள் பெயர்பெற்றது. நாடெங்கும் சுற்றுலா விடுதிகளின் காலைப் பந்தியில் தேங்காய் ரொட்டி ‘பொல் ரொட்டி’ என்ற சிங்களப் பெயரில், கட்டைச் சம்பலோடு, இலங்கையின் பாரம்பரிய உணவாக இடம்பெறுகிறது. சிங்களக் கிராமங்களுக்கும் அந்த ரொட்டி உரியதே, அதில் வழக்கொன்றும் இல்லை. ஆனால் பங்களாவின் சாளரத்திலிருந்து தெரியும் லயத்தில் அதே காலையில் அதே ரொட்டி சுடப்படுகிறது என்பதை விருந்தினருக்கு எவரும் சொல்வதில்லை.

நகரத்து வெளிச்சத்தில் வைத்து ரொட்டியைக் கொண்டாடுவோர் இரண்டு செய்திகளை மறத்தலாகாது. 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார அளவாய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாட்டளவில் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் 32 சதவீதம். 2022 பொருளாதார நெருக்கடியில் கோதுமை மாவின் விலை பல மடங்கு ஏறியபோது, நகரத்தில் பாணின் விலை பேசப்பட்ட அளவுக்கு லயத்து ரொட்டியின் விலை பேசப்படவில்லை. ரொட்டி மட்டும் உண்ணும் வயிற்றுக்குப் பருப்பும் முட்டையும் கீரையும் சேர்வது, ரொட்டிக்குப் புவிசார் குறியீடு சேர்வதைவிட முந்திய வேலை. இரண்டையும் ஒருசேரச் செய்ய முடியும் என்பதற்கும் கடையே சான்றாகலாம்: தோட்டத்துப் பெண்கள் சிலர் சேர்ந்து ஹட்டன் நிலையத்துக்கு அருகில் ஒரு ரொட்டிக்கல்லை வைத்து, சம்பலோடு பருப்பும் நெத்தலிக் கருவாடும் வல்லாரைச் சுண்டலும் வைத்து, ‘லயத்து ரொட்டி’ என்ற பெயரை மறைக்காமல் பலகையில் எழுதினால், அது கிடைக்கும் வருமானத்தால் அவர்கள் வீட்டு அடுப்பிலும் ரொட்டிக்கு மாற்று வைக்கும் வழி. உடரட்ட மெனிக்கே ரயிலில் வந்து இறங்கும் பயணிக்கு அது வேறெங்கும் கிடைக்காத சாப்பாடு.

அந்தப் பலகை எழுதப்படும்முன் செய்முறை எழுதப்பட வேண்டும். ஒரு கொத்து மாவுக்கு, அதாவது நான்கு சுண்டுக்கு, எத்தனை சுண்டு தேங்காய்ப்பூ, சம்பலுக்கு எத்தனை செத்தல் மிளகாய், மாசி எந்த நாளில் சேரும் என்ற கணக்கு தோட்டத்துக்குத் தோட்டம் மாறுகிறது. தம் வீட்டு அளவையும், அது எந்தத் தோட்டத்தின் எந்த டிவிசனில் வழங்கியது என்பதையும் வாசகர்கள் எழுதி இதழின் முகவரிக்கு அனுப்பலாம். வீட்டில் பாட்டியோ அம்மாச்சியோ இருந்தால் அவரிடம் கேட்டே எழுதுக. அடுத்த பகுதி, துரைமார் பங்களாவின் குசினியை ஆண்ட சமையற்காரர்களான அப்புமார்களைப் பற்றியது.